போன் பெட்டியில் இருக்கும் எஸ்ஏஆர் எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

அக்காவுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. புது போன் வாங்க இரண்டைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். ஒன்றில் எஸ்ஏஆர், அதாவது போனின் அலையை உடம்பு உறிஞ்சும் அளவு, 0.98 என்றும் மற்றதில் 1.19 என்றும் போட்டிருந்தது. "தம்பி, குழந்தை எப்பவும் மடியிலதான் கிடக்கு, ரெண்டுல எது பாதுகாப்பு?" என்று கேட்டாள். 0.98 என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம், ஆனால் அது தப்பான பதிலாக இருந்திருக்கும். ஏன் தப்பு என்று விளக்க ஒரு சாயங்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. அன்று சொன்னதையும் அதற்காகத் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இது அவளுக்கு மட்டும் வந்த கேள்வி இல்லை.

முதலில் 'கதிர்வீச்சு' என்ற சொல்லைப் பார்த்துவிடலாம், பாதி பயம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. எக்ஸ்ரேயும் கதிர்வீச்சுதான், வெயிலும் கதிர்வீச்சுதான், ரேடியோ நிலையத்திலிருந்து வரும் அலையும் கதிர்வீச்சுதான். எல்லாமே மின்காந்த அலைகள். ஆனால் அவை ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிய பொட்டலமாக ஆற்றலைக் கொண்டுவந்து போடுகின்றன என்பதில்தான் வித்தியாசம். ஒரு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எடுக்கக் கிட்டத்தட்ட 10 எலக்ட்ரான் வோல்ட் (இவ்வளவு சின்ன ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். எக்ஸ்ரேயின் ஒரு பொட்டலத்தில் அதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கும், அதனால்தான் அது டிஎன்ஏ இழையை நேரடியாக அறுக்க முடிகிறது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் ஒரு பொட்டலத்துக்கு 2 முதல் 3 எலக்ட்ரான் வோல்ட். போன் பயன்படுத்தும் 1 கிகாஹெர்ட்ஸ் அலையிலோ ஒரு எலக்ட்ரான் வோல்ட்டைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் நாலு கூறுதான். வெளிச்சத்தை விட ஏறக்குறைய ஐந்து லட்சம் மடங்கு சின்னது. இந்தப் பொட்டலங்களை எத்தனை கொட்டினாலும் அவை சேர்ந்து ஒரு எலக்ட்ரானைப் பிய்த்துவிடாது. ஆகவே அணு உலை விபத்தில் சொல்லப்படும் கதிர்வீச்சையும் போன் கதிர்வீச்சையும் ஒரே மூச்சில் பேசுவது சரியில்லை.

சரி, அப்படியானால் இந்த அலை உடம்பில் ஒன்றுமே செய்யாதா? செய்யும். சூடாக்கும். நம் உடம்பு பெரும்பாலும் தண்ணீர், அதில் உப்பு கரைந்திருக்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் மின்புலம் உள்ளே வரும்போது தண்ணீர் மூலக்கூறுகள் அந்தப் புலத்தோடு சேர்ந்து திரும்பித் திரும்பி அலைக்கழிகின்றன, உப்பின் அயனிகளும் அசைகின்றன, அந்த அசைவு ஒன்றோடொன்று உரசி வெப்பமாக மாறுகிறது. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் இதே வழியில்தான், ஆனால் அது நூற்றுக்கணக்கான வாட்டுகளை ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடைத்துவைத்துக் கொட்டுகிறது. இன்றைய 4ஜி போன் தன் முழுப் பலத்தோடு அலை அனுப்பினாலும் 0.2 வாட்தான், அதிலும் ஒரு பகுதிதான் தலைக்குள் போகிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடம்பு கிலோவுக்கு ஒரு வாட் அளவுக்குத் தானாகவே வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது என்பதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். நீண்ட நேரம் பேசினால் காது சூடாகிறதே என்று பலர் கேட்பார்கள். அந்தச் சூட்டில் பெரும்பங்கு பேட்டரியும் உள்ளிருக்கும் சிப்பும் தருவது, மிச்சம் காதை போன் மூடிக்கொண்டிருப்பதால் வெளியேற முடியாமல் நிற்கும் நம் சொந்த வெப்பம். ரேடியோ அலையால் மூளையின் மேற்பரப்பில் ஏறக்கூடிய வெப்பநிலை, கணக்கீடுகளின்படி, ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு.

எஸ்ஏஆர் என்பது இந்த உறிஞ்சலின் அளவு. ஒரு கிலோ திசு ஒரு வினாடிக்கு எவ்வளவு ரேடியோ ஆற்றலை உள்ளே எடுத்துக்கொள்கிறது என்பதை வாட் கணக்கில் சொல்வது. தமிழில் தன் உறிஞ்சல் வீதம் என்று எழுதுகிறார்கள், ஆனால் எல்லோரும் எஸ்ஏஆர் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

இனி எஸ்ஏஆர் எவ்வளவு வரை போகலாம் என்ற எல்லைக்கு வருவோம். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால்தான் அவற்றை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். எலிகளையும் குரங்குகளையும் வைத்துச் செய்த சோதனைகளில், உடம்பு முழுவதும் சராசரியாகக் கிலோவுக்கு 4 வாட் அளவுக்கு உறிஞ்சினால் உடம்பின் உள் வெப்பம் ஏறக்குறைய 1 டிகிரி உயர்கிறது, கற்றுக்கொடுத்த வேலையைச் செய்வதை அந்த விலங்குகள் விட்டுவிடுகின்றன என்று பார்த்தார்கள். நிலையாகத் திரும்பத் திரும்பத் தெரிந்த முதல் பாதிப்பு அதுதான். அந்த 4-ஐப் பத்தால் வகுத்து, இந்த அலைகளோடு வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு 0.4 என்று வைத்தார்கள். பொதுமக்களில் குழந்தைகள், நோயாளிகள், வயதானவர்கள் எல்லாரும் இருப்பார்கள், தாங்கள் அலைக்கு உட்படுகிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது என்பதால் இன்னும் ஐந்தால் வகுத்து 0.08 என்று வைத்தார்கள். ஆக மொத்தம் ஐம்பது மடங்கு இடைவெளி. இது முழு உடம்புக்கான சராசரி.

போன் முழு உடம்பையும் நனைப்பதில்லை, ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு அந்த இடத்தை மட்டும் நனைக்கிறது. அதற்காகத்தான் தனியாக ஓர் உள்ளூர் எல்லை இருக்கிறது. இந்த மாதிரி அலைகளுக்குப் பாதுகாப்பு எல்லை வகுக்கும் ஐசிஎன்ஐஆர்பி என்று ஒரு சர்வதேச அமைப்பு உண்டு, 1992-இல் தொடங்கியது, ஜெர்மனியில் பதிவானது, 1998-இலும் பிறகு 2020-இலும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அது தலைக்கும் உடலுக்கும் வைத்த எல்லை கிலோவுக்கு 2 வாட், ஏதாவது ஒரு 10 கிராம் திசுவின் சராசரியாக, 6 நிமிட நேரத்துக்கு. கை கால்களுக்கு 4 வாட். ஐரோப்பாவும் இன்னும் நிறைய நாடுகளும் பின்பற்றுவது இதைத்தான். அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 1996-இல் வேறு மாதிரி வைத்தது: 1.6 வாட், ஆனால் வெறும் 1 கிராம் திசுவில். இந்தியா 2012 செப்டம்பரிலிருந்து இந்த 1.6-ஐப் பின்பற்றுகிறது.

2-ஐயும் 1.6-ஐயும் பக்கத்தில் வைத்து இதுதான் பெரியது, அது சின்னது என்று பேசுவதை அடிக்கடிப் பார்க்கிறேன், அது பொருந்தாது. 10 கிராமில் சராசரி எடுத்தால் உச்சமான ஒரு புள்ளி சுற்றியுள்ள குறைவான இடங்களோடு கலந்து கரைந்துபோகும், 1 கிராமில் அப்படிக் கரைய இடமில்லை. அதனால் 1.6 என்பது எண்ணில் தெரிவதை விட நன்றாகவே கண்டிப்பானது. ஒரே போனை இரண்டு முறையிலும் அளந்தால் இரண்டு வெவ்வேறு எண்கள் வரும். ஒரு நாட்டுப் பெட்டியில் இருக்கும் எண்ணை இன்னொரு நாட்டுப் பெட்டியோடு ஒப்பிடும் முன் எத்தனை கிராம் என்று பார்க்க வேண்டும், பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம் இதை எப்படி அளக்கிறார்கள் என்பது, என் கணக்கில் எல்லாவற்றையும் விட முக்கியம். உயிருள்ள தலைக்குள் கருவியை விட முடியாது. அதனால் கண்ணாடியிழையாலான ஒரு தலை வடிவத்தைப் படுக்கவைத்து, மூளைத் திசுவைப் போலவே மின்சாரத்தைக் கடத்தும் திரவத்தை அதில் நிரப்புகிறார்கள். கன்னத்தோடு ஒட்டி ஒரு நிலை, கொஞ்சம் சாய்த்து ஒரு நிலை என்று போனைப் பொருத்துகிறார்கள். போன் தன் உச்ச பலத்தில் அலை அனுப்பும்படி கட்டாயப்படுத்தப்படுகிறது. ஓர் இயந்திரக் கை மெல்லிய உணர்கருவியைத் திரவத்துக்குள் புள்ளி புள்ளியாக நகர்த்தி மின்புலத்தை அளக்கிறது. ஒவ்வோர் அலைவரிசையிலும், ஒவ்வொரு நிலையிலும் இதைச் செய்து, கிடைத்ததில் எது மிக அதிகமோ அந்த ஒற்றை எண்ணைத்தான் பெட்டியில் அச்சடிக்கிறார்கள்.

அந்தத் தலையின் அளவு 1988-இல் அமெரிக்க ராணுவத்தில் எடுத்த உடல் அளவீடுகளிலிருந்து வந்தது, ஆண் வீரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரின் தலையை விடப் பெரியது. குழந்தையின் தலை எங்கே, ராணுவ வீரரின் தலை எங்கே என்று அக்கா உடனே கேட்டாள். நியாயமான கேள்வி. பெரிய தலை அதிகமாக உறிஞ்சும், அதனால் மற்றவர்களுக்கும் அது போதும் என்பது வகுத்தவர்களின் வாதம். உச்ச எண்ணைப் பொறுத்தவரை கணினி மாதிரிகளும் பெரும்பாலும் அப்படித்தான் காட்டுகின்றன. ஆனால் குழந்தைகளின் மண்டையோடு மெல்லியது, காது மடலும் மெல்லியது, அதனால் மூளையின் சில பகுதிகளிலும் எலும்பு மஜ்ஜையிலும் பெரியவர்களை விட அதிகமாகப் போகிறது என்பதையும் அதே மாதிரிகள் காட்டியிருக்கின்றன. எல்லைக்குள்தான், ஆனாலும் அதிகம்.

இப்போது 0.98-க்கும் 1.19-க்கும் திரும்புவோம். இரண்டும் உச்ச பலத்தில், மிக மோசமான கோணத்தில், மிக மோசமான அலைவரிசையில் கிடைத்தவை. நிஜத்தில் போன் எப்போதும் உச்சத்தில் கத்துவதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் நாம் மெதுவாகப் பேசுகிறோம், தூரத்தில் இருப்பவரைக் குரல் உயர்த்திக் கூப்பிடுகிறோம் இல்லையா, போனும் அப்படித்தான். டவர் அருகில் இருந்தால் பலத்தைக் குறைத்துக்கொள்ளும், தூரத்தில் இருந்தாலோ நடுவில் கான்கிரீட் சுவர் நின்றாலோ கூட்டிக்கொள்ளும். டவரே அதற்குச் சொல்லிக்கொண்டிருக்கும், இவ்வளவு போதும், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று, ஒரு வினாடிக்குள் பல நூறு தடவை. பழைய 2ஜி போன்களில் இந்தக் கட்டுப்பாடு கொஞ்சம் முரட்டுத்தனமானது. உச்சம் 2 வாட், அதை எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டுமே அனுப்புவதால் சராசரி 0.25 வாட். பயன்பாட்டில் இருக்கும்போது அளந்து பார்த்ததில் உச்சத்தின் பாதிக்கு அருகே ஓடிக்கொண்டிருந்தன. 3ஜி வந்தபோது இது அடியோடு மாறியது. சாதாரணமாகப் பேசும்போது 3ஜி போன் சராசரியாகத் தன் உச்சத்தில் நூறில் ஒரு பங்கு அளவில்தான் அலை அனுப்பியது என்று அளவீடுகள் சொல்கின்றன.

நூறு மடங்கு ஏற்ற இறக்கம் சிக்னலைப் பொறுத்து வரும்போது, 0.98-க்கும் 1.19-க்கும் இடையே உள்ள இருபது சதவீத வித்தியாசத்தை வைத்து என்ன முடிவு செய்வது? ஒன்றும் செய்ய முடியாது. 1.19 உள்ள போனின் ஆன்டெனா நன்றாக வேலை செய்து, குறைந்த பலத்திலேயே டவரைப் பிடித்துக்கொண்டால், அன்றாடத்தில் அதுதான் குறைவாக உடம்பில் சேர்க்கும். பெட்டியில் இருக்கும் எண் அந்த போன் சட்டப்படி விற்கத் தகுதியானதா என்று மட்டும் சொல்கிறது. எல்லைக்குள் இருக்கும் இரண்டு போன்களில் எது நல்லது என்று தரம் பிரிக்க அந்த எண் உண்டாக்கப்படவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், எண் குறைந்த போன்கள் என்று பட்டியல் போட்டுப் பரப்புவதை நம்பி மக்கள் காசு செலவழிக்கிறார்கள், பயமும் படுகிறார்கள்.

அந்த எண் மறைக்கும் இன்னொரு விஷயம் இடைவெளி. காதோடு வைத்துச் சோதிக்கும்போது ஒட்டி வைக்கிறார்கள், ஆனால் உடம்போடு வைக்கும் சோதனையில் போனுக்கும் உடம்புக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் விட்டு அளக்க அனுமதி உண்டு. பழைய நாட்களில் போனை இடுப்பில் உறை போட்டு மாட்டினார்கள், அந்த உறையின் தடிமனுக்காக 15 மில்லிமீட்டர் வரை விட்டார்கள். இப்போது ஐரோப்பாவில் அது 5 மில்லிமீட்டர். நாம் போனைச் சட்டைப் பையிலும் பேன்ட் பையிலும் தோலை ஒட்டியே வைக்கிறோம், ஒரு துணிதான் நடுவில். போனின் அமைப்புகளுக்குள் சட்டம் சார்ந்த தகவல்கள் என்ற பகுதியில் போய்ப் பார்த்தால் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி வைத்து அளந்தார்கள் என்று சின்ன எழுத்தில் இருக்கும். இது சின்ன எழுத்தில் இருக்கக் கூடாத தகவல் என்பது என் எண்ணம்.

2023 செப்டம்பரில் பிரான்சில் நடந்தது இதோடு தொடர்புடையது. அங்கே அலைவரிசைகளைக் கண்காணிக்கும் ஏஎன்எஃப்ஆர் என்ற அரசு நிறுவனம் கடைகளிலிருந்து போன்களை வாங்கித் தானே சோதித்துப் பார்க்கும். ஐபோன் 12-ஐக் கையில் பிடிப்பது போல ஒட்டி வைத்து அளந்தபோது கிலோவுக்கு 5.74 வாட் வந்தது, கை கால்களுக்கான எல்லை 4. உடம்புக்கு 5 மில்லிமீட்டர் தள்ளி அளந்த சோதனையில் அதே போன் தேறிவிட்டது. விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். ஆப்பிள் அந்த அளவீட்டு முறையைக் குறை சொன்னாலும் பிரான்சுக்கு ஒரு மென்பொருள் மாற்றத்தைக் கொடுத்தது, தடை நீங்கியது. 5.74 யாருக்கும் தீங்கு செய்யும் அளவா என்றால் இல்லை, கை கால்களுக்கான 4 என்ற எல்லையே பாதிப்பு தொடங்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கில் போடப்பட்டது. ஆனால் எல்லை என்று ஒன்றைப் போட்டுவிட்டு அதைத் தாண்டியதைக் கண்டும் விட்டுவிட்டால் பிறகு அந்த எல்லைக்கு மதிப்பில்லை. போன் வெளிவந்து மூன்று வருடம் கழித்து, கடையில் வாங்கிப் பார்த்த ஒரு நிறுவனத்தால்தான் இது தெரிந்தது. எல்லா நாடுகளும் இப்படிச் சொந்தமாக வாங்கிச் சோதித்து முடிவுகளை வெளியிட வேண்டும்.

டவர் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குபவர்கள்கூட எதிர்க் கட்டடத்து டவரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். டவர் ஆன்டெனா கலங்கரை விளக்கம் மாதிரி, கதிரைக் கிடைமட்டமாகத் தூரத்துக்கு வீசுகிறது, நேர் அடியில் நிற்பவருக்கு மிகக் குறைவாகவே வருகிறது. தூரம் இரண்டு மடங்கானால் வலிமை நாலில் ஒன்றாகிறது, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. அதனால் டவரின் பலம் போனைப் போல நூறு மடங்கு இருந்தாலும், கன்னத்தில் ஒட்டியிருக்கும் போன்தான் உடம்பில் அதிகமாகச் சேர்க்கிறது. 900 மெகாஹெர்ட்ஸில் ஐசிஎன்ஐஆர்பி எல்லை ஒரு சதுர மீட்டருக்கு 4.5 வாட். இந்தியா 2012-இல் அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து 0.45 ஆக்கியது. மக்கள் நடமாடும் பெரும்பாலான இடங்களில் அளந்தால் சர்வதேச எல்லையின் மிகச் சிறிய பங்குதான் வருகிறது. ஆன்டெனாவுக்கு நேர் முன்னால் சில மீட்டருக்குள் போவது வேறு கதை, அங்கே வேலி போடுவதும் எச்சரிக்கைப் பலகை வைப்பதும் அதனால்தான்.

இதில் மனசுக்கு எளிதில் ஒப்பாத ஒன்று இருக்கிறது. டவரை விரட்டினால் அந்தப் பகுதியில் எல்லாருடைய போனும் தூரத்து டவரை எட்டக் குரல் உயர்த்தும். தூரத்தில் இருக்கும் ஆன்டெனாவிலிருந்து வரும் சொற்பத்தைக் குறைக்கப் போய், தலையோடு ஒட்டியிருப்பதிலிருந்து வருவதைக் கூட்டிக்கொள்கிறோம்.

5ஜி பற்றி நிறைய வதந்தி. 2020-இல் பிரிட்டனில் கொரோனாவை 5ஜி பரப்புகிறது என்று நம்பி டவர்களைக் கொளுத்தினார்கள். 5ஜியின் பெரும்பகுதி 3.5 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஓடுகிறது, அது வைஃபை இருக்கும் 2.4-க்கும் 5-க்கும் நடுவில். 26, 28 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகள் தோலில் ஒரு மில்லிமீட்டர் ஆழம் போவதற்குள் வலுவிழந்துவிடுகின்றன, மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. அதனால் 6 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே எஸ்ஏஆர் பொருத்தமான அளவுகோலே இல்லை. தோல்பரப்பில் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் உறிஞ்சப்படுகிறது என்று 2020 வழிகாட்டுதல் வேறு அளவுக்கு மாறியது, பொதுமக்களுக்கு 20.

இதுவரை சொன்னது எல்லாம் சூடு பற்றி. ஆனால் எல்லோர் மனசிலும் இருப்பது புற்றுநோய்.

2011 மே மாதம் பிரான்சின் லியோன் நகரில் 14 நாடுகளைச் சேர்ந்த 31 விஞ்ஞானிகள் உட்கார்ந்து பேசி, ரேடியோ அலைகளை 2பி என்ற பிரிவில் வைத்தார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐஏஆர்சி கூட்டிய கூட்டம் அது. 2பி என்றால் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பை ஒதுக்கிவிட முடியவில்லை என்று அர்த்தம், உண்டாக்குகிறது என்று அர்த்தம் இல்லை. சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில் இருக்கிறது. ஐஏஆர்சியின் பிரிவுகள் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை வரிசைப்படுத்துகின்றன, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை வரிசைப்படுத்துவதில்லை. செய்திகளில் இந்த வேறுபாடு எப்போதும் தொலைந்துபோகிறது.

அந்த முடிவுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இன்டர்ஃபோன் ஆய்வு. 13 நாடுகள், முடிவு 2010-இல் வந்தது. கிளியோமா என்ற மூளைக் கட்டி வந்தவர்கள் 2,708 பேர், மூளையை மூடும் உறையில் வரும் மெனிஞ்சியோமா என்ற கட்டி வந்தவர்கள் 2,409 பேர். இவர்களையும் கட்டி இல்லாதவர்களையும் ஒப்பிட்டு முன்பு எவ்வளவு போன் பேசினீர்கள் என்று கேட்டார்கள். வழக்கமாகப் பேசுபவர்களுக்குக் கிளியோமா குறைவாக வந்ததாகக் கணக்கு வந்தது, போன் மூளையைக் காப்பாற்றுகிறது என்பது போல. மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களிடம் மட்டும் 40 சதவீதம் அதிகம் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அளவீட்டில் ஏதோ கோணல் இருக்கிறது என்று தெரியும். பத்து வருடத்துக்கு முன் எத்தனை நிமிடம் பேசினேன் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதுவும் மூளையில் கட்டி வந்து, ஏன் எனக்கு வந்தது என்று தவித்துக்கொண்டிருப்பவர் தன் பழக்கங்களைக் கூட்டித்தான் நினைவுகூர்வார். ஒரு நாளில் நம்பவே முடியாத அளவு பேசியதாகச் சொன்னவர்களும் அந்த மேல் பிரிவில் இருந்தார்கள். சுவீடனில் லென்னார்ட் ஹார்டெல் குழு தொடர்ந்து அதிக ஆபத்தைக் கண்டதாகச் சொல்லிவந்தது, அதுவும் இதே மாதிரி கேட்டு எழுதிய ஆய்வுகள்தான்.

ஞாபகத்தை நம்பாத ஆய்வுகள் வேறு படத்தைக் காட்டுகின்றன. டென்மார்க்கில் 3,58,403 பேரை சந்தா விவரத்தை வைத்தே தொடர்ந்து பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள், மூளைக் கட்டி கூடவில்லை. அதிலும் குறை உண்டு, நிறுவனப் பெயரில் சந்தா வைத்திருந்தவர்களை விட்டுவிட்டார்கள், அதிகம் பேசியவர்கள் அவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஆரோக்கியமானவர்களை முன்னதாகவே சேர்த்துக்கொண்டு வருடக்கணக்கில் பின்தொடரும் காஸ்மாஸ் ஆய்வு 2024-இல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் முடிவைச் சொன்னது, அதிகம் பேசியவர்களுக்கும் கட்டி கூடவில்லை. 10 முதல் 24 வயது வரை உள்ளவர்களை 14 நாடுகளில் பார்த்த மொபி-கிட்ஸ் ஆய்விலும் ஆபத்து தெரியவில்லை. 2024-இல் உலக சுகாதார அமைப்பு கேட்டுக்கொண்டு ஆஸ்திரேலிய கதிர்வீச்சுப் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைமையில் 63 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. இவை எல்லாவற்றையும் விட எனக்கு நம்பிக்கை தருவது வேறு ஒன்று. ஏறக்குறைய மொத்த உலகமும் முப்பது வருடத்தில் போனைக் காதில் வைக்கத் தொடங்கியது, நல்ல பதிவேடு வைத்திருக்கும் நாடுகளில் கிளியோமாவின் எண்ணிக்கை அதற்கு ஏற்ப ஏறவில்லை.

எதிர்ப்பக்கத்தில் இருப்பதை மறைக்கவும் கூடாது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் ஆண் எலிகளின் இதயத்தில் ஷ்வானோமா என்ற நரம்புறைக் கட்டிகள் கூடுதலாக வந்தன. எலிகளுக்கு ஒரு நாளைக்கு 9 மணி நேரம், இரண்டு வருடம், உடம்பு முழுவதும் கிலோவுக்கு 1.5 முதல் 6 வாட் வரை கொடுத்தார்கள். மனிதருக்கான முழு உடம்பு எல்லை 0.08 என்பதை நினைத்துப் பார்த்தால் எவ்வளவு அதிகம் என்று புரியும். அலைக்கு உட்பட்ட ஆண் எலிகள் உட்படாதவற்றை விட அதிக நாள் வாழ்ந்தன என்ற குழப்பமும் இருக்கிறது. 2025-இல் உலக சுகாதார அமைப்புக்காக விலங்கு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் ஆண் எலிகளில் அந்த இதயக் கட்டிக்கும் மூளைக் கிளியோமாவுக்கும் ஆதாரம் உறுதியாக இருப்பதாக எழுதினார்கள். இதை அலட்சியமாகத் தள்ளிவிடுபவர்களோடு நான் உடன்படவில்லை. எலிக்குக் கொடுத்த அளவு வேறு, மனிதரிடம் தெரியவில்லை என்பது உண்மை, ஆனால் சூடு மட்டும்தான் வழியா என்ற கேள்வியை அது திறந்தே வைத்திருக்கிறது. அமெரிக்க மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு 2011-இல் 47 பேரின் காதில் 50 நிமிடம் போனை வைத்துப் பார்த்தபோது ஆன்டெனாவுக்கு அருகிலுள்ள மூளைப் பகுதி 7 சதவீதம் அதிகமாகக் குளுக்கோஸைச் செலவழித்தது. அது நல்லதா கெட்டதா என்று அவர்களே சொல்லவில்லை.

2021 ஆகஸ்டில் ஓர் அமெரிக்க நீதிமன்றம் எஃப்சிசியைப் பார்த்து, 1996-இல் வைத்த எல்லையை மாற்றத் தேவையில்லை என்று 2019-இல் முடிவெடுத்தீர்களே, குழந்தைகளைப் பற்றியும் நீண்ட நாள் பயன்பாட்டைப் பற்றியும் புற்றுநோய் அல்லாத பாதிப்புகளைப் பற்றியும் வந்த ஆதாரங்களுக்கு ஏன் முறையான விளக்கம் தரவில்லை என்று கேட்டது. எல்லை தப்பு என்று நீதிமன்றம் சொல்லவில்லை, காரணம் சொல் என்றது. எல்லை வகுப்பவர்கள் எங்களை நம்புங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளும்போதுதான் வதந்தி நுழைய இடம் கிடைக்கிறது.

அப்படி நுழைபவர்களில் வியாபாரிகளும் உண்டு. கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர், உறை, பதக்கம் என்று விற்கிறார்கள். ஸ்டிக்கர் ஒன்றும் செய்யாது. உறை உண்மையிலேயே அலையை மறைத்தால் போன் இன்னும் பலமாக அனுப்பத் தொடங்கும். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு, 5ஜியிலிருந்து காப்பாற்றும் என்று விற்கப்பட்ட கழுத்து மாலை, கைவளை, கண்ணை மூடும் துணி உட்படப் பத்துப் பொருட்களில் கதிரியக்கப் பொருள் இருப்பதைக் கண்டுபிடித்து, போட்டிருப்பவர்கள் உடனே கழற்றிவிடுங்கள் என்று எச்சரித்தது. அணுக்களை அயனியாக்காத, அதாவது எலக்ட்ரானைப் பிய்க்காத அலைக்குப் பயந்து, அயனியாக்கும் உண்மையான கதிரியக்கத்தைத் தோலோடு ஒட்டி நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

இவ்வளவும் கேட்டுவிட்டு அக்கா, "சரி, நான் என்னதான் பண்ணட்டும்?" என்றாள். நீண்ட நேரம் பேசினால் ஸ்பீக்கரில் போடு, இல்லையென்றால் இயர்போன் மாட்டு என்றேன். புளூடூத் இயர்போன் சில மில்லிவாட்தான், போனின் உச்சத்தில் நூறில் ஒரு பங்கு அளவு. போன் ஒரு கையளவு தள்ளிப் போனாலே தலையில் சேர்வது பெருமளவு விழுந்துவிடுகிறது. சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்திலும் லிஃப்டுக்குள்ளும் ஓடும் ரயிலிலும் நீளமாகப் பேசாதே, போன் அங்கேதான் முழுக் குரலில் கத்தும். பெரிய வீடியோவைக் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்து அப்லோடு செய்யாதே, பார்ப்பதை விட அனுப்பும்போதுதான் போன் அதிகம் வேலை செய்கிறது. அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருப்பதால் அவருடைய சட்டைப் பையில் மட்டும் போன் போகவே கூடாது, 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அங்கே கவலை புற்றுநோய் பற்றி இல்லை, அலையும் போனுக்குள் இருக்கும் காந்தமும் கருவியைக் குழப்பிவிடலாம் என்பதுதான். எண்ணைப் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றால் *#07# என்று அடித்தால் பல போன்களில் திரையிலேயே வரும், எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறந்துவிடு என்றேன்.

அவள் 1.19 போனைத்தான் வாங்கினாள், பேட்டரி அதில் நன்றாக நிற்கிறதாம். குழந்தை தூங்கும் அறையில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டுகிறது என்பதை அப்போதுதான் கவனித்திருக்கிறாள். இப்போது நான் கூப்பிட்டால் எடுத்ததும் "இரு" என்கிறாள், ஜன்னல் பக்கம் நடந்துபோகும் சத்தம் கேட்கிறது, அதற்கு அப்புறம்தான் பேசத் தொடங்குகிறாள்.